இடப்பக்கமே திரும்பிய சுறா

அலையாத்திக் காடு கடலைத் தொடும் இடத்தில் ஒரு பாறைக்குட்டை. அதன் கரையில் சடையன் என்ற நீர்நாய் தனியாக இருந்தான்.

அவன் கூட்டத்தார் போன கோடையில் ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார்கள். "வாடா, அங்கே நல்ல தண்ணி கிடக்கு!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். சடையனுக்குக் குட்டையை விட மனசில்லை. அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது, குட்டை பதில் பேசாது என்று.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். மறைந்து கிடந்த பாறையெல்லாம் வெளியே தெரியும். அன்றைக்குக் காட்டில் இருக்கிற எல்லாரும் வாசல் வாசலாகப் போய் ஒருவர் குட்டையை ஒருவர் பார்ப்பார்கள். அதற்குக் குட்டை பார்க்கிற நாள் என்றே பேர்.

மீன்கொத்தியின் குட்டையில் சிவப்பு நட்சத்திர மீன். உடும்பின் குட்டையில் காற்றே இல்லாமல் ஆடும் கடல் சாமந்தி. கீரிப்பிள்ளையின் குட்டையில் ஏழு நிறத்தில் கிளிஞ்சல்.

சடையனின் குட்டையில் தண்ணீர்.

தண்ணீர்தான் எல்லா இடத்திலும் இருக்கிறதே! அதைப் பார்க்க யார் வருவார்கள்? சடையன் விடியும்போதே மீசையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். எல்லாரும் தாண்டிப் போவார்கள். "அப்புறமா வர்றோம் சடையா!" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

ஒரு நாள், புயலடித்து ஓய்ந்த காலையில், மணலில் ஒரு பை கிடந்தது. கருப்பு நிறம். ஓரத்தில் நார் நாராகத் தொங்கியது. சடையன் அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். உள்ளே ஏதோ நெளிந்தது.

குட்டைச் சுவரின் பொந்தில் நண்டக்கா குடியிருந்தாள். அவள் கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது, அவிஞ்ச மாங்கொட்டை மாதிரி?"

"முட்டை, அக்கா! சுறா முட்டை! வால் தெரியுது பாருங்க!"

"பார்த்தாச்சு. கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டு வா."

"குட்டையில போடப் போறேன்."

நண்டக்காவின் இரண்டு கண்ணும் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தன.

"சுறாவையா? எதுக்கு?"

"குட்டை பார்க்கிற நாள்ல யாராவது வருவாங்க இல்லே?"

நண்டக்கா கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டாள். மாதாமாதம் அவன் வாசலில் நின்றதைப் பார்த்தவள் அவள்தான்.

நாலு பௌர்ணமி கழிந்தது. பை கிழிந்தது. உள்ளிருந்து வந்த குட்டி சடையனின் வால் நீளம்கூட இல்லை. கருப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாக வரி. வாலும் உடம்பும் ஒரே நீளம். யாரோ ரிப்பனைத் தண்ணீரில் விட்டதுபோல நெளிந்தாள்.

"வரியழகி! உன் பேரு வரியழகி!" என்று சடையன் கத்தினான்.

"இவ எவ்வளவு பெருசு ஆவா?" என்று நண்டக்கா கேட்டாள்.

"இவ்வளவுதான் இருக்கா, பாருங்களேன்!"

"இப்ப எவ்வளவுன்னு கேக்கலை. எவ்வளவு ஆவான்னு கேட்டேன்."

சடையன் காதில் அது விழவில்லை. அவன் வேலையில் இறங்கிவிட்டான்.

குட்டைக்குக் கடல் பக்கம் ஒரு வாய் உண்டு. பௌர்ணமி முடிந்த சாயங்காலம் கடல் பொங்கி எழும் பெரிய ஓதம் மட்டும் அந்த வாய் வரை ஏறிக் குட்டையை நிரப்பிவிட்டுப் போகும். ஓதத்தோடு வரியழகியும் போய்விட்டால்? சடையன் கல்லும் களிமண்ணும் வைத்து அந்த வாயை அடைத்தான். அன்றோடு கடல் வருவது நின்றது. இனிமேல் கடலைச் சடையன்தான் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில். வாயில் கவ்விக்கொண்டு, சிந்தாமல், ஒரு நாளைக்கு நாற்பது நடை.

அடுத்த குட்டை பார்க்கிற நாளும் வந்தது. அடேயப்பா! சடையன் வாசலில் நிற்க இடமில்லை. மீன்கொத்தி வந்தது, உடும்பு வந்தது, கீரிப்பிள்ளை பிள்ளைகுட்டியோடு வந்தது.

"சுறாவா! நிஜச் சுறாவா!"

"கடிக்குமா?"

"என் கையிலதான் சாப்பிடும்!" என்றான் சடையன். ஒரு நத்தையை நீட்டினான். வரியழகி வந்து உறிஞ்சிக்கொண்டு போனாள். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அன்றைக்குச் சடையன் பேசிய பேச்சு, கூட்டத்தார் போன பிறகு அவன் பேசாத பேச்சு எல்லாம் சேர்த்து.

எல்லாரும் போன பிறகு வரியழகி தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வருதே. வந்துட்டே இருக்கே. அது என்ன?"

சடையன் கடலைப் பார்த்தான். குட்டையைப் பார்த்தான்.

"அது காத்து. காத்து அடிக்குது."

"காத்தா?" வரியழகி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "காத்து ஏன் அண்ணே என்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும். நீ சாப்பிடு."

நண்டக்கா பொந்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். 

மாதங்கள் போயின. வரியழகி வளர்ந்தாள். நாற்பது நடை அறுபது நடை ஆயிற்று. பத்து நத்தை முப்பது நத்தை ஆயிற்று. சடையன் தூங்குகிற நேரம் குறைந்தது. ஒரு நாள் கடல் கொந்தளித்தது. அலைக்குள் சிரட்டையை விட முடியவில்லை. 'தண்ணீர் தண்ணீர்தானே' என்று நினைத்து ஆற்றுப் பக்கம் போய் மொண்டு வந்து ஊற்றினான்.

மத்தியானம் நண்டக்கா அலறினாள்.

"சடையா! ஓடிவா! உன் பொண்ணு மல்லாந்து கிடக்கா!"

வரியழகி வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தாள். செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. சடையன் கொந்தளிக்கும் கடலுக்கே ஓடினான். அலை அவனைப் பாறையில் அடித்தது. எழுந்து மொண்டான். மறுபடி அடித்தது. மறுபடி மொண்டான். இருட்டும் முன்பு அவள் புரண்டு நேரானாள்.

"எனக்கு என்ன ஆச்சு அண்ணே?"

"ஒண்ணுமில்லை. தண்ணியில உப்பு குறைஞ்சுபோச்சு."

"காத்துல உப்பு வாசனை வருதே. அதைக் கொஞ்சம் உள்ளே விட்டா என்ன?"

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்கடுத்த மாதம் வரியழகியின் வரிகள் உடைய ஆரம்பித்தன. வெள்ளை வரியெல்லாம் சிதறி, கருப்பெல்லாம் வெளுத்து, உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆயிற்று. அதன் அர்த்தம், அவள் குட்டிப்பருவம் தாண்டுகிறாள் என்பதுதான். சடையனுக்கு அது தெரியாதே! சீக்கு என்று பயந்தான்.

"வரியழகி இனிமே புள்ளியழகி!" என்று நண்டக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சடையா, இப்ப இவ உன் நீளம் இருக்கா. அதையாவது பார்த்தியா?"

பார்த்தான். குட்டையின் அகலம் சடையன் பத்துத்தரம் புரண்டால் தீர்ந்துவிடும். வரியழகி இரண்டு தரம் வாலை வீசினால் எதிர்ச் சுவர் வந்துவிடுகிறது. நேராகப் போக வழியில்லை. அதனால் அவள் சுற்றினாள். எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றினாள். கல்லடைத்த வாய்க்கு நேரே வரும்போது மட்டும் நின்று, மூக்கைக் கல்லில் வைத்துக் கேட்பாள். மூக்கின் நுனி தேய்ந்து வெளுத்துப்போயிருந்தது.

சடையன் நாரை மாமாவிடம் ஓடினான். நாரை மாமா அந்தக் காட்டுக்கே பெரிய மீன் வைத்தியர். ஒற்றைக் காலில் நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்து, பதில் சொல்வார்.

"மாமா, அவ வளர்ந்துகிட்டே போறாளே! என்ன பண்ண?"

"கவலைப்படாதே! குட்டை அளவுக்குத்தான் மீன் வளரும். நான் பதினெட்டுக் குளம் நின்றவன், எனக்குத் தெரியாதா? தீனியைப் பாதியாக்கு. தானாகவே நின்றுவிடும். வரியும் திரும்பி வந்தாலும் வரும்!"

சடையனுக்கு அந்தச் சொல் தேன் மாதிரி இருந்தது. குட்டையை மாற்ற வேண்டாம், சுவரை எடுக்க வேண்டாம், தீனியைக் குறைத்தால் போதும்! முப்பது நத்தை பதினைந்து ஆயிற்று. பதினைந்து எட்டு ஆயிற்று.

"அண்ணே, பசிக்குது."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு."

இதற்கிடையில் குட்டை பார்க்கிற நாளில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. "போன மாசமும் இதே சுறாதானே?" என்று கீரிப்பிள்ளையின் பிள்ளைகள் வரவே மறுத்தன. உடும்பு தூரத்தில் நின்றே எட்டிப் பார்த்தது. "பெருசாயிட்டா சடையா, பயமா இருக்கு!" என்றது.

அடுத்த பௌர்ணமியன்று அது நடந்தது. நண்டக்கா பொந்திலிருந்து பாசி எடுக்கக் காலை நீட்டினாள். பசியில் கண் மங்கிப்போயிருந்த வரியழகி, நத்தை என்று நினைத்துக் கவ்வினாள். கடக்! நண்டக்காவின் பின்னங்கால் போயிற்று.

"ஐயோ அக்கா!" என்று வரியழகியே அழுதாள். "நான் பார்க்கலை! எனக்குத் தெரியலை!"

சடையன் ஓடிவந்தான். "அக்கா! கால் போச்சே அக்கா!"

நண்டக்கா வலியைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"என் காலை விடுடா. நான் நண்டு. அடுத்த தரம் சட்டை உரிக்கையில முளைச்சிடும். அவ முதுகைப் பாரு. அது நிமிருமா?"

சடையன் அன்றைக்குத்தான் பார்த்தான். தினம் நாற்பது நடை, அறுபது நடை தண்ணீர் கொண்டுவந்தவன்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் பார்த்தான். சுற்றிச் சுற்றி வரியழகியின் முதுகு இடப்பக்கமாக வளைந்துபோயிருந்தது. தலை மட்டும் பெருத்து, உடம்பு ஒட்டிப்போயிருந்தது. தீனியைப் பாதியாக்கியதால் அவள் வளர்ச்சி நிற்கவில்லை. கோணிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாளும் விடிந்து, குட்டை பார்க்கிற நாளும் வந்தது. மூன்று பேர்தான் வந்தார்கள்: உடும்பு, மீன்கொத்தி, நாரை மாமா.

நண்டக்கா நொண்டிக்கொண்டே நாரை மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நீங்க பதினெட்டுக் குளம் நின்னீங்க. சரி. கடல்ல எப்பவாவது நின்னதுண்டா?"

"கடலிலா?" நாரை மாமா இறக்கையை உதறிக்கொண்டார். "அது எப்படி நிற்க முடியும்? கால் எட்டாதே!"

யாரும் சிரிக்கவில்லை. சடையன் வரியழகியைப் பார்த்தான். அவள் குட்டையின் வாய்க்கு நேரே, மூக்கைக் கல்லில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நண்டக்கா," என்றான் சடையன். "இன்னைக்குச் சாயங்காலம் பெரிய ஓதம் வரும் இல்லே?"

"வரும்."

"அவ போயிட்டா, இந்த வாசலுக்கு யாரும் வர மாட்டாங்க இல்லே?"

நண்டக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "வர மாட்டாங்க," என்றாள்.

 சடையன் எழுந்துபோய் முதல் கல்லை எடுத்தான். ஒரு வருஷக் களிமண் இறுகிப் பாறையாகியிருந்தது. நகம் உடையத் தோண்டினான். நண்டக்கா ஒரு கால் குறைந்தவளாகப் பக்கத்தில் வந்து, கொடுக்கால் களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். உடும்பும் வாலால் இரண்டு கல்லைத் தள்ளியது.

சூரியன் இறங்கும் நேரம் கடல் வந்தது. வாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தது. வரியழகி உடம்பெல்லாம் சிலிர்த்தாள்.

"அண்ணே! காத்து உள்ளே வருது!"

"போ கண்ணு. அது பின்னாலேயே போ."

வரியழகி வெளியே போனாள். கரையில் நின்றவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எதிரே முழுக்கடல். தடுப்பு இல்லை, கல் இல்லை. வரியழகி இரண்டு தரம் வாலை வீசினாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி இரண்டு தரம் வீசினாள். மறுபடி இடப்பக்கம் திரும்பினாள்.

அவ்வளவு பெரிய கடலில், சடையனின் குட்டை அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அவ போக மாட்டேங்குறா?" என்றது மீன்கொத்தி.

"போய்க்கிட்டுத்தான் இருக்கா," என்றாள் நண்டக்கா. "அவளுக்குத் தெரிஞ்ச தூரம் அவ்வளவுதான்."

ஓதம் இறங்கினால் அவள் கரைப் பாறையில் சிக்குவாள். எல்லாருக்கும் அது தெரிந்தது.

சடையன் ஆற்று வாயில் நீந்துகிறவன். அலை உடைகிற இடத்தைத் தாண்டி அவன் ஒருநாளும் போனதில்லை. அவன் கூட்டத்தாரும் போனதில்லை. அன்றைக்குக் குதித்தான். நீந்திப் போய் வரியழகியின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டான். அவள் திரும்பினாள், அங்கே சடையன் இருந்தான். மறுபடி திரும்பினாள், அங்கேயும் சடையன் இருந்தான்.

"அண்ணே, இது சுவரா?"

"நான்தான். நேரா போ."

"நேரான்னா?"

"திரும்பாம போறது."

வரியழகி வாலை வீசினாள். மூன்று தரம். நான்கு தரம். பத்துத் தரம். 

"அண்ணே, இன்னும் சுவர் வரலையே!"

"வராது கண்ணு."

"எப்பவுமா?"

"எப்பவுமே."

அலை உடைகிற இடம் பின்னால் போயிற்று. கடலடிப் பாறைத்திட்டான முதல் பார் போயிற்று. தண்ணீரின் நிறம் மாறியது. சடையனுக்கு மூச்சு வாங்கியது. கீழே இருட்டு, ஆழம். வரியழகி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அந்தச் சத்தம் இப்ப எல்லாப் பக்கமும் இருக்கு. இது காத்து இல்லை. இது என்ன?"

"கடல்," என்றான் சடையன். "இது உன் வீடு. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

வரியழகி அவன் பக்கம் இன்னும் ஒட்டி நீந்தினாள்.

"நீ தனியா இருந்தே. அதான்," என்றாள். பிறகு, "கொஞ்சம் விலகிக்க அண்ணே. நானே போய்ப் பார்க்கிறேன்," என்றாள்.

சடையன் விலகினான். அவள் உடம்பு இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் சாய்ந்து சரிசெய்துகொண்டாள். மறுபடி இழுத்தது. மறுபடி சரிசெய்தாள். நொண்டுகிறவர் நேரான பாதையில் நடப்பதுபோல, கோணிக்கொண்டே நேராகப் போனாள். புள்ளி புள்ளியான அந்த நீள வால் ஆழத்தில் மறைகிற வரை சடையன் மிதந்துகொண்டே பார்த்தான். கரை சேர்ந்தபோது அவனை மேலே இழுக்க உடும்பு வாலை நீட்ட வேண்டியிருந்தது.

அடுத்த குட்டை பார்க்கிற நாள். சடையன் பழக்கத்தில் மீசையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். குட்டையின் வாய் திறந்தே கிடந்தது. முந்தின ஓதத்தில் வந்த இரண்டு பொடிமீன்கள் குட்டையில் விளையாடின. வரும் ஓதத்தில் அவை போய்விடும். எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

நண்டக்கா மட்டும் பொந்தைவிட்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னங்கால் இருந்த இடத்தில் சின்ன மொக்கு தெரிந்தது.

"பார்க்க ஒண்ணும் இல்லையே அக்கா," என்றான் சடையன்.

"ஏன், நீ இல்லையா? பக்கத்துல இருந்துகிட்டு ஒரு நாளாவது உன்னைப் பார்க்க வந்தேனா நான்!"

 சடையனின் காது மட்டும் கடல் பக்கமே இருந்தது.

"என்னடா கேட்டுக்கிட்டு இருக்கே?"

சடையன் கொஞ்சம் சிரித்தான்.

"காத்து, அக்கா."

"காத்தா!" என்றாள் நண்டக்கா. அவளும் கேட்க ஆரம்பித்தாள்.

ஆசைப்பட்டு ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களே, அது இன்றைக்கு இருக்கிற அளவைப் பார்க்காதீர்கள். நாளைக்கு ஆகப்போகிற அளவுக்கு உங்களிடம் இடம் உண்டா என்று பாருங்கள்.